பொதி எங்கே நின்றது?

உத்தியோகத்துக்குப் பேட்டி என்றதும் நம் மாணவர்களுக்குப் பரீட்சைதான் நினைவுக்கு வருகிறது. கேள்வி ஒன்று, விடை ஒன்று. விடை சரியானால் மதிப்பெண், தவறானால் பூஜ்யம். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டும் கல்லூரியில் நான்கு ஆண்டும் இந்தக் கணக்கிலேயே பழகிய மனம் வேறு எதை நினைக்கும்? ஆனால், பெரிய தொழில்நுட்பக் கம்பெனி ஒன்றில் வலையமைப்பு எஞ்சினீயர் வேலைக்கு நடக்கும் பேட்டி அந்த வகையைச் சேர்ந்ததன்று. அங்கே என்ன கேட்கிறார்கள், ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பற்றி இன்று சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன். அந்த மேஜையின் இரு புறத்திலும் உட்கார்ந்து பழகியவன் என்பதைத் தவிர, இதைப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை.

முதலில், அந்த வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். மதுரையிலிருக்கும் ஒருவர் அமெரிக்காவிலுள்ள தம் அண்ணனுக்கு ஒரு புகைப்படம் அனுப்புகிறார். அந்தப் படம் பாக்கெட் எனப்படும் சிறுசிறு பொதிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பொதியும் தான் சேரவேண்டிய முகவரியைத் தலையில் தாங்கிக்கொண்டு, ரவுட்டர் என்னும் கருவிகள் காட்டும் வழியிலே ஓடுகிறது. தெருவில் போகும் கம்பி, நகரத்துக்கு நகரம் செல்லும் கண்ணாடி இழை, கடலடிக் கேபிள் எல்லாவற்றையும் கடந்து அக்கரையில் மறுபடியும் ஒன்று சேர்ந்து படமாகிறது. ரயில்வேயில் தண்டவாளத்தையும் கைகாட்டியையும் கவனிப்பவர்களைப் போல, இந்தப் பாதைகளை அமைத்துக் காப்பவரே வலையமைப்பு எஞ்சினீயர். பெரிய கம்பெனிகள் பிறருடைய பாதைகளை மட்டும் நம்பியிருப்பதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சிலிருந்து ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ வரை அட்லாண்டிக் கடலின் அடியில் சுமார் 6,600 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட மாரியா என்னும் கேபிளை மைக்ரோசாப்டும் பேஸ்புக்கும் சேர்ந்து அமைக்க முற்பட்டன. அது 2017 இல் முடிவுற்றது. இவ்வளவு முதலைக் கடலுக்குள் இறக்கியவர்கள், அதை யார் கையில் ஒப்படைப்பது என்று யோசிப்பது இயற்கைதானே?

பேட்டியின் ஒழுங்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் தொலைபேசியிலோ திரையிலோ ஒரு பேச்சு. அதில் தேறினால், ஒரே நாளிலோ இரண்டு நாளிலோ நான்கைந்து பேர் தனித்தனியே, ஒவ்வொருவரும் முக்கால் மணியோ ஒரு மணியோ பேசுவார்கள். ஒருவர் அடிப்படையைக் கேட்பார். ஒருவர் பழுதைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்வார். ஒருவர் புதிதாக ஒரு வலையமைப்பை வரையச் சொல்வார். ஒருவர் சிறு புரோகிராம் எழுதச் சொல்வார். ஒருவர் பழைய வேலையைப் பற்றியும் உடன் வேலை செய்தவர்களோடு பழகிய விதத்தைப் பற்றியும் விசாரிப்பார். இதைப் பற்றி விவரிக்க அதிகம் இல்லை. விவரிக்க வேண்டியது அவர்கள் கேட்கும் கேள்வியின் தன்மையைத்தான்.

எல்லாரும் அறிந்த கேள்வி ஒன்று உண்டு. பிரௌசரில் ஓர் இணைய முகவரியை அடித்து எண்டர் விசையைத் தட்டினால் என்ன நடக்கிறது? கேட்பதற்குக் குழந்தைக் கேள்வி போல இருக்கும். இதற்கு விடையை மனப்பாடம் செய்துகொண்டு வராதவர்களே இன்று இல்லை. பெயரை எண்ணாக மாற்றுகிறது, டி. சி. பி. தொடர்பு ஏற்படுகிறது, பூட்டுச் சாவி பரிமாறப்படுகிறது, பக்கம் வருகிறது என்று நான்கே மூச்சில் முடித்துவிடுவார்கள். கேட்டவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். அதன் பிறகுதான் பேட்டி ஆரம்பமாகிறது.

"நல்லது. உங்கள் கணிப்பொறியின் எண் 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தேடும் சர்வர் வேறு ஊரில் இருக்கிறது. உங்கள் அறையிலுள்ள கம்பியில் முதலில் ஏறும் பொதியில், பெறுபவரின் வன்பொருள் முகவரி என்று எது எழுதியிருக்கும்?" என்று கேட்பார்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சர்வரின் முகவரி என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில், கணிப்பொறி தன் எண்ணையும் சர்வரின் எண்ணையும் 255.255.255.0 போன்ற முகமூடி எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. சர்வர் தன் தெருவில் இல்லை என்று தெரிந்ததும், தெருக்கோடியில் நிற்கும் ரவுட்டரிடம் ஒப்படைக்க முடிவு செய்கிறது. ரவுட்டரின் எண் அதற்குத் தெரியும். 48 பிட் கொண்ட வன்பொருள் முகவரி தெரியாது. ஆகவே, "இந்த எண்ணுக்கு உரியவர் யார்?" என்று தெரு முழுவதும் கேட்கும்படி ஒரு கூவல் விடுகிறது. ரவுட்டர் பதில் சொல்கிறது. அதன் பிறகே பொதி புறப்படுகிறது. உள்ளே இருக்கும் எண் முகவரி சர்வருடையது. மேலுறையில் இருக்கும் வன்பொருள் முகவரியோ ரவுட்டருடையது. அடுத்த ரவுட்டரில் மேலுறை கிழிக்கப்பட்டு வேறோர் உறை இடப்படும்; உள் முகவரி வழக்கமாக மாறாது. வீட்டு ரவுட்டர் தன் எண்ணை அனுப்புநர் எண்ணாக மாற்றி எழுதுவது தனிக் கதை. அதையும் ஒருவர் தாமாகச் சொன்னால் கேட்பவரின் முகம் மலரும்.

கவனித்தீர்களா? விடையின் அகலம் எல்லாருக்கும் தெரியும். அதன் ஆழம் எவ்வளவு என்பதையே கேட்பவர் அளக்கிறார். கோல் எங்கே தரையில் முட்டுகிறது என்று பார்க்கிறார். முட்டுவது குற்றமன்று, எல்லாருக்கும் எங்கோ ஓரிடத்தில் முட்டத்தான் செய்யும். முட்டிய இடத்தில் அந்த மனிதர் என்ன செய்கிறார் என்பதே முக்கியம்.

பழுது பார்க்கும் பேட்டியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நான் பல பேரிடம் கொடுத்துப் பார்த்த கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிளை அலுவலகம். ஒரு தலைமை அலுவலகம். இரண்டுக்கும் நடுவில் பொது இணையத்தின் வழியாக மறைவான சுரங்கப் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். கிளையிலிருந்து தலைமைச் சர்வருக்குப் பிங் அனுப்பினால் பதில் வருகிறது. பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் சிறு பக்கம் திறக்கிறது. ஆனால் பெரிய கோப்பைத் திறந்தால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. காரணம் என்ன?

ஒருவர் வந்தார். நல்ல படிப்பாளி, சான்றிதழ்கள் பல வைத்திருந்தார். கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் சரியான கட்டளைதான். ஆனால் எதைக் கண்டுபிடிப்பதற்காக அந்தக் கட்டளை என்று கேட்டபோது மட்டும் பேச்சு நின்றது. மற்றொருவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படித்தவர். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. அவர் எழுந்து பலகையில் ஒரு கோடு போட்டார். கோட்டின் இரு முனையிலும் இரண்டு பெட்டி வரைந்தார். "எல்லாக் கோப்பும் நிற்கிறதா, பெரியவை மட்டுமா?" என்று கேட்டார். பெரியவை மட்டும் என்றேன். "தலைமை அலுவலகத்திலேயே இருந்து திறந்தால்?" நன்றாகத் திறக்கிறது என்றேன். "அப்படியானால் சர்வரில் குற்றமில்லை, வழியில்தான் இருக்கிறது. சிறியது போகிறது, பெரியது போகவில்லை என்றால், நடுவில் எங்கோ வாசல் குறுகலாக இருக்கிறது" என்றார்.

அதுதான் விடை. ஈதர்நெட் வலையில் ஒரு பொதி வழக்கமாக 1,500 பைட் வரை சுமக்கும். சுரங்கப் பாதையில் நுழையும்போது ஒவ்வொரு பொதிக்கும் மேலே இன்னொரு உறை போடுகிறார்கள்; அந்த உறையின் அளவுக்கு உள்ளே இடம் குறைகிறது. பெரிய பொதி நுழைய முடியாது. பிரித்து அனுப்பவும் கூடாது என்று அதன் தலையில் குறியிட்டிருக்கிறது. அப்போது சுரங்க வாயிலிலுள்ள ரவுட்டர், "பொதி பெரிது, சிறிதாக்கி அனுப்பு" என்று அனுப்பியவருக்கு ஒரு சிறு அறிவிப்பு விடுக்கும். பாதுகாப்பு என்று நினைத்து யாரோ ஒருவர் அத்தகைய அறிவிப்புகள் அனைத்தையும் நடுவழியில் தடுத்து வைத்திருந்தால்? சர்வருக்குச் செய்தி வரவே வராது. அதே பெரிய பொதியை அது மறுபடியும் மறுபடியும் அனுப்பிக்கொண்டே இருக்கும். திரை நின்றது நின்றபடி இருக்கும்.

அந்த இளைஞருக்கு இதற்கு வழங்கும் பெயர் தெரியாது. தெரியாது என்று அவரே சொன்னார். ஆனால், பிரிக்கக் கூடாது என்ற குறியோடு பிங் பொதியின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்தால் எந்த அளவில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று சோதனையையும் சொன்னார். பெயர் ஒரு வாரத்தில் படித்துக்கொள்ளக் கூடியது. வழியை இரண்டாகப் பிரித்து, குற்றமில்லாத பாதியைத் தள்ளிவிட்டு, மற்றப் பாதியை மறுபடியும் இரண்டாகப் பிரிக்கும் புத்தி ஒரு வாரத்தில் வருவதில்லை. அவரை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

பிங் என்ற சொல் அடிக்கடி வருகிறது. அது அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக் கூடமொன்றில் வேலை செய்த மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய சிறு புரோகிராம். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவோர் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்கள் அல்லவா, அந்த ஒலியின் பெயரையே அதற்கு வைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகத்தில் எந்த வலையமைப்பு எஞ்சினீயரும் பழுது என்றதும் முதலில் எடுப்பது அந்தக் கருவியைத்தான்.

கணக்குப் போடச் சொல்லும் கேள்விகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இது. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே செகண்டுக்கு நூறு கோடி பிட் செல்லக்கூடிய இணைப்பு இருக்கிறது. வேறு யாரும் அதை உபயோகிக்கவில்லை. இருந்தும் ஒரு பழைய சர்வரிலிருந்து கோப்பை நகல் செய்தால் செகண்டுக்கு 26 இலட்சம் பிட்தான் வருகிறது. இணைப்புக் கொடுத்த கம்பெனியோடு சண்டை போடலாமா?

போடக் கூடாது. பூமியின் மேல் மிகக் குறுகிய வழியாக அளந்தாலே இந்த இரண்டு நகரங்களுக்கும் 13,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர, செகண்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நேரமாவது வேண்டும். கேபிள் நேராகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு செகண்டு என்று வைத்துக்கொள்வோம். டி. சி. பி. முறையில், பெறுபவர் "வந்து சேர்ந்தது" என்று சொல்லும் வரை அனுப்புகிறவர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அனுப்ப மாட்டார். அந்த அளவைக் குறிக்க முதலில் ஒதுக்கிய இடம் 16 பிட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. அதாவது 65,535 பைட்டை அனுப்பிவிட்டு, ஐந்தில் ஒரு பங்கு செகண்டு கைகட்டிக் காத்திருக்க வேண்டும். பைட்டுக்கு எட்டுப் பிட் வீதம் பெருக்கிப் பாருங்கள். செகண்டுக்கு 26 இலட்சம் பிட் வருகிறது. பாதை அகலமாகத்தான் இருக்கிறது. அனுப்புகிறவர்தான் காத்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பாதை முழுவதும் நிரம்ப வேண்டுமானால், இரண்டரைக் கோடி பைட் எப்போதும் வழியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதற்காகவே அந்த அளவைப் பெருக்கிக் காட்டும் வழியொன்றை 1992 இல் வகுத்தார்கள். புதிய கணிப்பொறிகள் அதைத் தாமே செய்துகொள்கின்றன. பழைய சர்வரில் அது அணைந்து கிடக்கிறது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவர் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஆனால் "இணைப்பை இன்னும் அகலமாக்க வேண்டும்" என்று சொல்லிக் கம்பெனியின் பணத்தைக் கடலில் போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு துருவித் துருவிக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நடந்த இரண்டு சம்பவங்களைச் சொன்னால் விளங்கும்.

2008 பிப்ரவரியில் பாகிஸ்தானில் யூடியூபைத் தடை செய்யும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. அம்மாதம் 24 ஆம் தேதி பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம், 208.65.153.0/24 என்ற எண்கூட்டத்துக்குப் போகும் வழி தன்னிடமே இருப்பதாக அறிவித்தது. நாட்டுக்குள் நிற்க வேண்டிய அறிவிப்பு வெளியே கசிந்து, மேலிருந்த நிறுவனத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. யூடியூப் அதுவரை 208.65.152.0/22 என்று 1,024 எண்களைச் சேர்த்து ஒரே அறிவிப்பாக விட்டிருந்தது. பாகிஸ்தானின் அறிவிப்பில் இருந்தவை 256 எண்களே. ரவுட்டர்களின் விதியோ, குறுகிய, திட்டமான அறிவிப்பையே நம்ப வேண்டும் என்பது. உலகத்தின் பல பாகங்களிலிருந்து யூடியூபுக்குப் போன பொதிகள் பாகிஸ்தானை நோக்கி ஓடின. நிலைமை சரியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இப்படி நிறுவனத்துக்கு நிறுவனம் வழியை அறிவித்துக்கொள்ளும் முறைக்குப் பி. ஜி. பி. என்று பெயர். அதை 1989 ஜனவரியில் கிர்க் லாகீடும் யாகோவ் ரெக்டரும் மதிய உணவின்போது கைதுடைக்கும் தாளில் குறித்து வைத்ததாகச் சரித்திரம். அன்று இணையத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். யாரும் பொய் சொல்வார்கள் என்று அவர்கள் எண்ணவில்லை.

மற்றொன்று, 2021 அக்டோபர் 4. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகத்திலிருந்தே மறைந்துபோயின. வழக்கமான பராமரிப்பு வேலையில், முதுகெலும்புப் பாதைகளில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கொடுத்த ஒரு கட்டளை, அந்தப் பாதைகள் அனைத்தையும் அறுத்துவிட்டது. இத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய காவல் புரோகிராமிலும் பிழை இருந்தது. பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் சர்வர்கள், தங்கள் தலைமையகத்தோடு பேச முடியாததைக் கண்டு, தங்களிடம் வர வேண்டாம் என்று உலகத்துக்கு அறிவித்து ஒதுங்கிக்கொண்டன. பழுதைத் தீர்க்க எஞ்சினீயர்கள் உபயோகிக்கும் கருவிகளும் அதே வலையில்தான் இருந்தன. கடைசியில் ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கட்டடங்களோ எளிதில் யாரும் நுழைய முடியாதபடி கட்டப்பட்டவை! இவ்வளவையும் அந்தக் கம்பெனியே பின்னர் விளக்கமாக எழுதி வெளியிட்டது.

ஒரு கட்டளை; ஆறு மணி நேரம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பேட்டியில் வரும் இன்னொரு கேள்வியின் பொருள் புரியும். "இந்த மாற்றத்தை இன்றிரவு செய்யப் போகிறீர்கள். தவறிப்போனால் எப்படித் திரும்பி வருவீர்கள்?" என்று கேட்பார்கள். முதலில் ஒரே ஒரு ரவுட்டரில் செய்து பார்ப்பேன், பத்து நிமிடத்தில் நான் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பும்படி வைப்பேன், வலை அறுந்தாலும் உள்ளே போக வேறொரு வழி வைத்திருப்பேன் என்று சொல்பவர், சாதாரணமாகப் பேசினாலும் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். தவறே வராது என்று அடித்துச் சொல்பவரைக் கண்டால் எனக்குப் பயம்தான்.

"தெரியாது" என்று சொல்லலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். சொல்லிவிட்டு நிறுத்திவிடக் கூடாது; எனக்குத் தெரிந்தது இதுவரை, இதற்கு அப்பால் இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன், அதைச் சோதிக்க இன்னதைச் செய்வேன் என்று தொடர வேண்டும். நடு இரவில் வலை விழுந்திருக்கும்போது தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் ஒருவர், உடனிருக்கும் பத்துப் பேரையும் தவறான திசையில் தேட விட்டுவிடுவார். பேட்டி காண்பவர் அந்த இரவைத்தான் கற்பனை செய்துகொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

விடுகதைப் பேட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் இளமையில் ஒரு கம்பெனியில், ஓர் ஊர்தியில் எத்தனை பந்து கொள்ளும் என்று கேட்டு என் அரை மணி நேரத்தைச் செலவழித்தார்கள். வலையமைப்பைப் பற்றிக் கடைசி வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இத்தகைய புதிர்களால் எதையும் முன்னறிய முடியாது, கேட்பவருக்குத் தாம் புத்திசாலி என்ற திருப்திதான் மிச்சம் என்று கூகிளின் ஆள்வளப் பிரிவுக்குத் தலைவராயிருந்த லாஸ்லோ பாக் 2013 இல் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். இன்றும் எங்காவது அப்படிக் கேட்டால், சத்தமாக யோசித்துக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு மேலே செல்லுங்கள்.

ஆங்கிலம் ஒரு தடை என்பது உண்மை. ஆனால் இலக்கணப் பிழைக்கு அங்கே யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. படிப்படியாகச் சொல்லத் தெரியாமையே பெரிய தடை. முதலில் தமிழிலேயே, அறைத் தோழருக்கு, பொதி போகும் வழியைச் சொல்லிப் பாருங்கள். அவர் "ஏன்?" என்று கேட்கும் இடமெல்லாம் உங்களுக்குச் சரியாக விளங்காத இடம். அது தமிழில் தெளிந்துவிட்டால், ஆங்கிலத்தில் சிறு வாக்கியங்களே போதும்.

பயிற்சிக்குப் பெரிய கூடம் வேண்டியதில்லை. பழைய கணிப்பொறி ஒன்றில் லினக்ஸைப் போட்டு, அதற்குள்ளேயே நான்கைந்து கற்பனை ரவுட்டர்களை உண்டாக்கி இணைக்கலாம், செலவு கிடையாது. கம்பியில் ஓடும் பொதிகளைப் பிடித்துப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற புரோகிராமும் இலவசமே. 1998 இல் ஈத்தரீயல் என்ற பெயரில் பிறந்து 2006 இல் இந்தப் பெயரைப் பெற்றது. ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து, அதற்காக ஓடிய ஒவ்வொரு பொதியையும் வரிவரியாகப் படித்துப் பாருங்கள். பிறகு நீங்களே ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டு, பொதி எங்கே நின்றது என்று தேடுங்கள். பழுதை நண்பர் ஒருவர் இரகசியமாக உண்டாக்கி வைத்தால் இன்னும் நல்லது. பைத்தான் மொழியில் ஐம்பது வரி எழுதத் தெரிந்திருப்பதும் இன்று அவசியம். ஆயிரம் ரவுட்டர்களைக் கையால் திருத்தும் காலம் போய்விட்டது.

பேட்டியின் முடிவில், "நீங்கள் எங்களைக் கேட்க ஏதேனும் உண்டா?" என்பார்கள். பலர் இல்லை என்று எழுந்துவிடுகிறார்கள். உங்கள் வலை கடைசியாக எப்போது விழுந்தது, எதனால் விழுந்தது, அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்று கேட்கலாம். தவறு செய்தவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம் என்று மட்டும் பதில் வந்தால், அந்த இடத்தைப் பற்றி நீங்களும் சற்று யோசிக்க வேண்டியதுதான். நான் ஒரு முறை அப்படிக் கேட்டேன். எதிரில் இருந்தவர் சிரித்தார். பிறகு எழுந்து போய்ப் பலகையைத் துடைத்துவிட்டு, இரண்டு பெட்டிகளையும் ஒரு கோட்டையும் வரைந்து, கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து விளக்க ஆரம்பித்தார். அடுத்த அறையிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டும் வரை அவர் நிறுத்தவே இல்லை.